ஆள் பக்கத்துல உக்காராமலே உபுண்டு ஏறணுமா? முதல் தடவை செட் பண்றவங்களுக்கு

ஒரு மெஷின்ல உபுண்டு (லினக்ஸ் வகை ஓஎஸ்) போடுறது பெரிய வேலையே இல்ல. ஆனா காலேஜ் லேப்ல 60 மெஷின் வரிசையா நிக்குது, செமஸ்டர் திறக்குறதுக்குள்ள எல்லாத்துலயும் போட்டு முடிக்கணும்னு வந்தா அதே கீபோர்டு கேள்வி, அதே டிஸ்க் கேள்வி, அதே யூசர்நேம் கேள்வின்னு 60 தடவை பதில் சொல்லணும், நடுவுல யாராவது கூப்பிட்டா எந்த மெஷின்ல எதைக் குடுத்தோம்னே மறந்துபோயிடும். இன்ஸ்டாலர் கேக்கப்போற எல்லாத்துக்கும் முன்னாடியே பதில் எழுதி ஒரு ஃபைல்ல வச்சுட்டா அது யாரையும் கேக்காம தானே போட்டு முடிச்சுக்கும். இதைத்தான் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்னு சொல்றாங்க.

லினக்ஸ்லயே ரெட் ஹேட், ஃபெடோரா பக்கம் இதுக்கு கிக்ஸ்டார்ட், டெபியன்ல ப்ரீசீட், விண்டோஸ்ல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், உபுண்டு சர்வர்ல 20.04 வெர்ஷன்ல இருந்து ஆட்டோஇன்ஸ்டால். நான் உபுண்டு சர்வரை வச்சே முழுசா சொல்றேன், ஏன்னா ஒண்ணை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் அதே கணக்குதான். இன்னொண்ணு, கட்டளை, ஃபைல் பேர் எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே இருக்கும், நீங்க டைப் பண்ணும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல போடணும், எங்கயாவது பெரிய எழுத்து வேணும்னா சொல்லிடுறேன்.

"ஒரு மெஷின்ல போட்டு அப்படியே குளோன் பண்ணிட்டா போச்சே"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. பண்ணலாம், ஆனா குளோன் பண்ணா மெஷின்-ஐடியும் (ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனியா இருக்குற அடையாள எண்) எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயும் (தூரத்துல இருந்து லாகின் பண்ணும்போது மெஷின் தன்னைக் காட்டுற சாவி) சேர்ந்தே காப்பி ஆகிடும். உபுண்டு சர்வர் டிஹெச்சிபில (மெஷினுக்கு ஐபி முகவரி குடுக்குற முறை) ஐபி கேக்கும்போது அந்த மெஷின்-ஐடியை வச்சுதான் தன்னை யாருன்னு சொல்லும், அதனால ரெண்டு மெஷினுக்கு ஒரே ஐபி வந்து நிக்கும், நீங்க கேபிளை மாத்தி மாத்தி குத்திப் பாத்துட்டு இருப்பீங்க. பதில் ஃபைல் வச்சுப் போட்டா ஒவ்வொரு மெஷினும் புதுசா பொறந்த மாதிரி வரும், ஹார்டுவேர் வேற வேறயா இருந்தாலும் பிரச்சனை இல்ல. ஒரு வருஷம் கழிச்சு "இந்த லேப்ல என்ன செட்டிங்ஸ் போட்டோம்"னு யாராவது கேட்டா அந்த ஒரு ஃபைலைக் காட்டினாப் போதும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

முதல்ல ஒரு தடவை கையால போடுங்க

காலி எடிட்டரைத் திறந்து பதில் ஃபைலை முதல் வரியில இருந்து நீங்களா எழுத ஆரம்பிக்காதீங்க. விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற கற்பனை கம்ப்யூட்டர்) உருவாக்கி, யூஇஎஃப்ஐ-யை (புது மெஷின்கள்ல பூட் ஆகுற முறை) ஆன் பண்ணிட்டு, உபுண்டு சர்வர் ஐஎஸ்ஓ-வை (இன்ஸ்டால் டிஸ்க்கோட ஃபைல்) வச்சு சாதாரணமா ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணுங்க. ஐஎஸ்ஓ இறக்கினதும் அதோட ஷா256 செக்சம் (ஃபைல் முழுசா இறங்கியிருக்கான்னு சரிபார்க்குற எண்) சரியா இருக்கான்னு பாத்துடுங்க, பாதி இறங்கின ஐஎஸ்ஓ வரப்போற எல்லா மெஷின்லயும் தலைவலி குடுக்கும்.

இன்ஸ்டால் முடிஞ்சு லாகின் பண்ணினதும் வார் ஃபோல்டருக்குள்ள லாக், அதுக்குள்ள இன்ஸ்டாலர்னு போனீங்கன்னா ஆட்டோஇன்ஸ்டால்-யூசர்-டேட்டான்னு ஒரு ஃபைல் இருக்கும், சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டுற கட்டளை) போட்டுதான் திறக்க முடியும். நீங்க கையால சொன்ன பதில் எல்லாத்தையும் இன்ஸ்டாலரே எழுதி வச்சிருக்கும். அதை வெளிய காப்பி பண்ணி யூசர்-டேட்டான்னு பேர் வைங்க. இதுதான் உங்க அடித்தளம். (கிக்ஸ்டார்ட்லயும் இதே வசதி உண்டு, இன்ஸ்டால் ஆனதும் ரூட் யூசரோட ஃபோல்டர்ல அனகோண்டா-கேஎஸ்னு ஒரு ஃபைல் கிடைக்கும்.)

ஆனா அந்த ஃபைலை அப்படியே அடுத்த மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது, அது அந்த விஎம்முக்குன்னே எழுதினது. எதை வைக்கணும், எதைத் தூக்கணும்னு இனிப் பாக்கலாம்.

ஃபைலுக்குள்ள என்ன இருக்கணும்

முதல் வரி ஹேஷ் குறி (#), அதை ஒட்டி இடைவெளி இல்லாம கிளவுட்-கான்ஃபிக். இது பாக்க வெறும் கமெண்ட் மாதிரி இருக்குறதால தெரியாம அழிச்சுடுவாங்க, அழிச்சா எந்த எர்ரரும் வராது, இன்ஸ்டாலர் ஃபைலைக் கண்டுக்காம வழக்கம்போல மொழி என்னன்னு கேட்டு நிக்கும். அடுத்து ஆட்டோஇன்ஸ்டால், அதுக்குக் கீழ ரெண்டு ஸ்பேஸ் உள்ள தள்ளி வெர்ஷன் 1. இது யாமல் ஃபைல், டேப் அடிக்கவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான், ஒரு ஸ்பேஸ் முன்ன பின்ன போனாலும் அர்த்தமே மாறிடும்.

ஐடென்டிட்டி பகுதியில ஹோஸ்ட்நேம், யூசர்நேம், பாஸ்வேர்டு மூணும் வரும். பாஸ்வேர்டை அப்படியே எழுத முடியாது, ஹேஷ் பண்ணித்தான் (நேரா படிக்க முடியாத எழுத்தா மாத்தித்தான்) போடணும், ஓபன்எஸ்எஸ்எல் பாஸ்டபிள்யூடி கட்டளைக்கு மைனஸ் 6 குடுத்தா டாலர் 6 டாலர்னு தொடங்குற ஒரு நீளமான வரி வரும், அதை சிங்கிள் கோட்டுக்குள்ள வைங்க. ஹேஷ்தானேன்னு அந்த ஃபைலை எல்லாருக்கும் தெரியுற இடத்துல போட்டு வைக்காதீங்க, சுலபமான பாஸ்வேர்டா இருந்தா ஹேஷ்ல இருந்தும் கண்டுபிடிச்சுடலாம்.

நெட்வொர்க் பகுதியை முழுசா தூக்கிடுங்க. விஎம்ல இருந்து வந்த ஃபைல்ல கார்டு பேர் ஈஎன்பி0எஸ்3 மாதிரி ஏதாவது இருக்கும், நிஜ மெஷின்ல அந்தப் பேர்ல கார்டு இருக்காது. பகுதியே இல்லன்னா வயர் போட்ட கார்டு எதுவா இருந்தாலும் டிஹெச்சிபில ஐபி வாங்கிக்கும், லேப்புக்கு அதுவே போதும். டைம்ஜோன் ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தா (முதல் எழுத்துங்க பெரிசு), இலங்கையில இருக்கவங்க ஏசியா ஸ்லாஷ் கொழும்பு. எஸ்எஸ்ஹெச் பகுதியில இன்ஸ்டால்-சர்வரை ட்ரூன்னு வச்சு உங்க பப்ளிக் கீயையும் (பாஸ்வேர்டு இல்லாம லாகின் பண்ண உதவுற சாவி) போட்டுடுங்க, அப்புறம் எந்த மெஷின் முன்னாடியும் போய் நிக்க வேண்டியதில்ல.

டிஸ்க் பகுதி, இங்க நிதானமா இருங்க

மத்த எதுல தப்பு நடந்தாலும் திரும்பப் போட்டுக்கலாம். ஸ்டோரேஜ் பகுதியில தப்பு நடந்தா ஒருத்தரோட டேட்டா போயிடும், அது திரும்பி வராது, அதுவும் பக்கத்துல ஆள் இல்லாம நடக்குற வேலை, "இந்த டிஸ்க்கை அழிக்கட்டுமா"ன்னு கேக்கக்கூட ஸ்க்ரீன் முன்னாடி யாரும் இருக்க மாட்டாங்க.

விஎம்ல இருந்து வந்த ஃபைல்ல ஸ்டோரேஜ்னு நீளமா ஒரு பட்டியல் இருக்கும், பார்ட்டிஷன் சைஸ் எல்லாம் பைட் கணக்குல. அதை எடுத்துட்டு லேஅவுட், அதுக்குக் கீழ நேம் எல்விஎம் (பின்னாடி இடத்தைக் கூட்டிக்க வசதியான முறை) இல்லன்னா டைரக்ட்னு (சாதாரண பார்ட்டிஷன்) மட்டும் வைங்க. இப்ப கவனிங்க, எந்த டிஸ்க்னு நீங்க சொல்லலன்னா இன்ஸ்டாலர் இருக்குறதுலயே பெரிய டிஸ்க்கை எடுத்துக்கும். நம்ம ஊர்ல நிறைய மெஷின்ல 256 ஜிபி எஸ்எஸ்டி ஓஎஸ்ஸுக்கு, 1 டிபி ஹார்டு டிஸ்க் டேட்டாவுக்குன்னு இருக்கும். அந்த மெஷின்ல இந்த ஃபைலைப் போட்டா உபுண்டு எஸ்எஸ்டியைத் தொடாது, நேரா 1 டிபி-யை அழிச்சுட்டு அதுல போய் உக்காரும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஃபோட்டோ, ஆபீஸ் கணக்கு எது இருந்தாலும் காலி. எந்த டிஸ்க் அழியப்போகுதுன்னு ஒரு சின்ன எச்சரிக்கை கூட வராது, ஏன்னா நீங்க எழுதினதைத்தான் அது செஞ்சுது.

அதனால லேஅவுட்டுக்குள்ள மேட்ச்னு ஒண்ணு சேர்த்து எஸ்எஸ்டி ட்ரூன்னு போடுங்க, ரெண்டு எஸ்எஸ்டி இருக்குற மெஷின்னா அதோட சைஸ் ஸ்மாலஸ்ட்டும், ரொம்ப முக்கியமான மெஷின்னா டிஸ்க்கோட சீரியல் நம்பரையே குடுத்துடலாம். அதுக்கும் மேல, டேட்டா டிஸ்க் இருக்குற மெஷின்ல அந்த சாட்டா கேபிளை உருவி வச்சுட்டு இன்ஸ்டால் பண்றதுதான் என் பழக்கம், ஃபைல்ல என்ன எழுதியிருந்தாலும் கனெக்ட் ஆகாத டிஸ்க்கை எதுவும் அழிக்க முடியாது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் குத்தியிருந்தா அதையும் எடுத்துடுங்க.

எல்விஎம்ல இன்னொரு விஷயம். 500 ஜிபி டிஸ்க்ல போட்டுட்டு டிஎஃப் (டிஸ்க்ல இடம் எவ்வளவுன்னு காட்டுற கட்டளை) அடிச்சுப் பாத்தா ரூட் (சிஸ்டம் இருக்குற மெயின் பகுதி) 100 ஜிபிதான் காட்டும், மீதி எங்க போச்சுன்னு பயந்துடுவாங்க. எங்கயும் போகல, 200 ஜிபிக்கு மேல இடம் இருந்தா ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை அப்புறமா தேவைக்குன்னு விட்டு வைக்குறதுதான் அதோட இயல்பு. முழுசா வேணும்னா சைஸிங்-பாலிசியை ஆல்னு வைங்க.

பேக்கேஜும் கடைசிக் கட்டளைகளும்

பேக்கேஜஸ்னு ஒரு பட்டியல் போட்டு ஜிசிசி, கிட், பைத்தான்3-வென்வ் மாதிரி லேப்புக்கு வேணுங்கிறதை எழுதிடலாம். லேட்-கமாண்ட்ஸ்னு ஒரு பகுதி, இன்ஸ்டால் முடிஞ்சு ரீபூட் ஆகுறதுக்கு முன்னாடி ஓடுற கட்டளைகள். அந்த நேரத்துல நீங்க இன்னும் இன்ஸ்டாலருக்குள்ளதான் இருக்கீங்க, புது சிஸ்டம் டார்கெட்னு ஒரு ஃபோல்டருக்குக் கீழ மவுண்ட் ஆகியிருக்கும், அதனால புது சிஸ்டத்துக்குள்ள ஓட வேண்டிய கட்டளைக்கு முன்னாடி கர்ட்டின் இன்-டார்கெட்னு போட்டு ரெண்டு மைனஸ் வச்சுட்டு எழுதணும். இதை விட்டுட்டா கட்டளை இன்ஸ்டாலர்ல ஓடி ரீபூட்டோட காணாம போயிடும்.

60 மெஷினுக்கும் ஒரே ஃபைல்னா 60-க்கும் ஒரே ஹோஸ்ட்நேம் ஆகிடுமேன்னு கேப்பீங்க. ஆகும். லேட்-கமாண்ட்ஸ்ல மெஷினோட சீரியல் நம்பரைப் படிச்சு டார்கெட்டுக்குள்ள இருக்குற ஹோஸ்ட்நேம் ஃபைல்ல எழுதிடலாம், பிராண்டட் மெஷினுக்கு இது அருமையா வேலை செய்யும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ண மெஷின்னா சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல பல மதர்போர்டு "டு பி ஃபில்டு பை ஓஇஎம்"னு காட்டும், ஸ்பேஸோட அதையே பேரா வச்சா சிஸ்டம் குழம்பும், எல்லாத்துக்கும் அதே பேரும் வரும். அந்த மெஷின்களுக்கு நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸ்ல (ஒவ்வொரு கார்டுக்கும் தனியா இருக்குற நம்பர்) கடைசி ஆறு எழுத்தை எடுத்து லேப்-னு முன்னாடி ஒட்டிக்கோங்க. ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயும் பழைய பேரை மாத்த மறக்காதீங்க, இல்லன்னா ஒவ்வொரு சூடோவுக்கும் ஹோஸ்ட் பேர் தெரியலன்னு ஒரு வரி வந்துட்டே இருக்கும்.

பென்டிரைவ் வச்சு ஓட விடுறது

நெட்வொர்க் பூட்டுக்கு உடனே தாவாதீங்க, முதல்ல ரெண்டு பென்டிரைவ் வழி. ஒண்ணுல உபுண்டு ஐஎஸ்ஓ-வை எழுதுங்க. இன்னொண்ணு எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி லேபிளை சிஐடேட்டான்னு இங்கிலீஷ் பெரிய எழுத்துல வைங்க, அதுல யூசர்-டேட்டா ஃபைலையும் மெட்டா-டேட்டான்னு ஒரு காலி ஃபைலையும் போடுங்க. காலியா இருந்தாலும் அந்த ரெண்டாவது ஃபைல் இருந்தே ஆகணும். விண்டோஸ் நோட்பேட்ல எழுதுறவங்க பேருக்குப் பின்னாடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கிச்சான்னு பாருங்க, எக்ஸ்டென்ஷன் மறைஞ்சிருக்குறதால கண்ணுக்குத் தெரியாது, ஆனா இன்ஸ்டாலருக்கு அது வேற ஃபைல்.

ரெண்டையும் குத்தி பூட் பண்ணா இன்ஸ்டாலர் பதிலைக் கண்டுபிடிச்சுட்டு, தொடரலாமா, யெஸ்னு டைப் பண்ணுங்கன்னு ஒரே ஒரு தடவை கேக்கும். இந்தக் கேள்வியும் வேணாம்னா கிரப் மெனுவில (பூட் ஆகும்போது முதல்ல வர்ற மெனு) ஈ அழுத்தி கெர்னல் வரியில (லினக்ஸ்னு தொடங்குற வரி) ஆட்டோஇன்ஸ்டால்னு ஒரு வார்த்தை சேக்கணும். புதுசா கத்துக்குறவங்க இந்த ஒரு கேள்வியை அப்படியே விட்டு வைங்க, தெரியாம பென்டிரைவ் குத்தியிருக்குற மெஷின் ரீபூட் ஆனாக்கூட அந்த யெஸ்தான் காப்பாத்தும்.

இதை முதல்ல காலி டிஸ்க் வச்ச விஎம்லயும், அடுத்து டேட்டா எதுவும் இல்லாத ஒரு நிஜ மெஷின்லயும் ஓட்டிப் பாருங்க. நின்னு போச்சுன்னா ஆல்ட்டோட எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் வார், லாக், இன்ஸ்டாலர் ஃபோல்டர்ல சப்இக்விட்டி-சர்வர்-டீபக் லாக்கைப் படிங்க, கடைசியில இருந்து மேல நோக்கிப் படிச்சா எந்த வரியில முட்டுச்சுன்னு தெரிஞ்சுடும். ஃபைலையே எடுத்துக்கலன்னா கிளவுட்-இனிட் (பதில் ஃபைலைத் தேடிப் படிக்குற புரோகிராம்) லாக்தான் பாக்கணும்.

எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்துல: நெட்வொர்க் பூட்

பென்டிரைவ் வழி நல்லா ஓடினதுக்கு அப்புறம் பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழியா பூட் பண்றது. மெஷின் ஆன் ஆனதும் நெட்வொர்க் கார்டு டிஹெச்சிபில ஐபி-யும் பூட் ஃபைல் எங்க இருக்குங்கிற தகவலும் வாங்கும், டிஎஃப்டிபில (சின்ன ஃபைல் இறக்குற எளிமையான முறை) பூட்லோடரை இறக்கும், அது கெர்னலையும் இனிட்ஆர்டியையும் (லினக்ஸ் ஆரம்பிக்கத் தேவையான ரெண்டு ஃபைல்) இறக்கும், அதுக்கு மேல எல்லாம் ஹெச்டிடிபில. டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரே புரோகிராம் டிஹெச்சிபி, டிஎஃப்டிபி ரெண்டையும் பாத்துக்கும். ஏற்கனவே ரவுட்டர் ஐபி குடுத்துட்டு இருந்தா டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில வைங்க, ஐபி-யை ரவுட்டரே குடுக்கும், பூட் தகவலை மட்டும் இது சொல்லும். இதை ஆபீஸ் முழுக்க ஓடுற நெட்வொர்க்ல நேரா பண்ணாதீங்க, தனியா ஒரு சுவிட்ச், அதுல உங்க லேப்டாப்பும் இன்ஸ்டால் ஆக வேண்டிய மெஷினும் மட்டும் இருக்குறதுதான் பாதுகாப்பு.

கெர்னல் வரியில ஐஎஸ்ஓ இருக்குற ஹெச்டிடிபி முகவரியையும், டிஎஸ் சமம் நோகிளவுட்னு போட்டு ஒரு செமிகோலன், அதை ஒட்டி எஸ் சமம், அதுக்கப்புறம் யூசர்-டேட்டா இருக்குற ஃபோல்டரோட முகவரியையும் குடுக்கணும். கிரப்புக்கு செமிகோலன்னா கட்டளை அங்கயே முடிஞ்சுதுன்னு அர்த்தம், அதனால அந்தத் துண்டு முழுசையும் கோட்டுக்குள்ள வைக்கணும், முகவரியோட கடைசியில ஸ்லாஷும் இருக்கணும். பிஎக்ஸ்இ-ல மாட்டிக்கிட்டு நிக்குறவங்க முதல்ல பாக்க வேண்டிய இடம் இந்த வரிதான்.

ஐஎஸ்ஓ முழுசா ராம்ல இறங்கித்தான் இன்ஸ்டால் நடக்கும். ஐஎஸ்ஓ 3 ஜிபி-க்குப் பக்கத்துல இருக்குறதால 4 ஜிபி ராம் மெஷின் பாதியில விழும், அந்த மெஷின்களுக்கு பென்டிரைவ்தான் நல்லது. 60 மெஷினும் தலா 3 ஜிபி இழுத்தா மொத்தம் 180 ஜிபி. ஜிகாபிட் சுவிட்ச்ல செகண்டுக்கு 110 எம்பி வச்சாக்கூட அரை மணி நேரத்துக்குள்ள முடியும், பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச்னா நாலரை மணி நேரம் ஆகும், நடுவுல டைம்அவுட் ஆகி சில மெஷின் நின்னும் போகும். பத்து பத்து மெஷினா ஆன் பண்ணுங்க. பேக்கேஜ் எல்லாம் ஒவ்வொரு மெஷினும் இன்டர்நெட்ல இருந்து இழுக்காம இருக்க உங்க லேப்டாப்ல ஏபிடி-கேஷர்-என்ஜி போட்டு, பதில் ஃபைல்ல ப்ராக்ஸின்னு அதோட முகவரியும் போர்ட் 3142-ம் குடுத்துட்டா முதல் மெஷினுக்கு இறங்கினதே மத்ததுக்கும் போகும். லேப்ல யூபிஎஸ் இல்லன்னா கரண்ட் கட் நேரத்தை மின்வாரிய அறிவிப்புல பாத்துட்டு ஆரம்பிங்க.

இப்ப முக்கியமான ஆபத்து. பயாஸ்ல நெட்வொர்க் பூட்டை முதல்ல வச்சு, பிஎக்ஸ்இ மெனுவுல இன்ஸ்டாலை டிஃபால்ட்டாவும் வச்சுட்டீங்கன்னா, இன்ஸ்டால் முடிஞ்சு ரீபூட் ஆன மெஷின் திரும்ப நெட்வொர்க்குக்கே போய் திரும்ப டிஸ்க்கை அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ணும். ரெண்டு நாள் கழிச்சு ஸ்டூடன்ட்ஸ் வேலை பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணினாலும் இதேதான் நடக்கும். டிஃபால்ட் எப்பவுமே லோக்கல் டிஸ்க்ல பூட் ஆகுறதா இருக்கணும், இன்ஸ்டாலை ஒரு ஆள் தேர்ந்தெடுக்கணும், இல்ல பூட் மெனுவுல அந்த ஒரு தடவை மட்டும் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கணும். பதில் ஃபைல்ல ஷட்டவுனை பவர்ஆஃப்னு வச்சுட்டா இன்னும் நல்லது, முடிஞ்ச மெஷின் அணைஞ்சிருக்கும், எது முடிஞ்சுது எது முடியலன்னு தூரத்துல இருந்தே தெரியும்.

விண்டோஸ் வேணும்னா

இங்க பதில் ஃபைல் பேர் ஆட்டோஅன்அட்டெண்ட் டாட் எக்ஸ்எம்எல், இன்ஸ்டால் பென்டிரைவோட மேல் ஃபோல்டர்லயே வச்சா செட்டப் தானே எடுத்துக்கும். விண்டோஸ் ஏடிகே-வோட (மைக்ரோசாஃப்ட் குடுக்குற டூல் கிட்) வர்ற சிஸ்டம் இமேஜ் மேனேஜர்ல உருவாக்கலாம். மொத்தம் ஏழு கட்டம் இருக்கு, ஆனா ஆரம்பத்துல விண்டோஸ்பிஇ, ஸ்பெஷலைஸ், ஊபி மூணும் போதும், முதல்ல டிஸ்க், ரெண்டாவதுல கம்ப்யூட்டர் பேர், மூணாவதுல யூசர். டிஸ்க்கை 0, 1-னு நம்பர் போட்டுத்தான் சொல்லணும், மெஷினுக்கு மெஷின் அந்த நம்பர் மாறலாம்கிறதால மேல சொன்ன கேபிள் உருவுற வேலை இங்க இன்னும் அவசியம். பாஸ்வேர்டை மறைச்சு வைன்னு சொன்னாலும் அது பேஸ்64 மட்டும்தான், என்க்ரிப்ஷன் இல்ல, யார் வேணா திருப்பிப் படிச்சுடலாம். இன்ஸ்டால் ஆனதும் சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள பாந்தர்னு ஒரு ஃபோல்டர்ல இந்த ஃபைலோட காப்பி தங்கியிருக்கும், எர்ரர் லாக்கும் அங்கதான் இருக்கும், லாக்கைப் பாத்து முடிச்சதும் எக்ஸ்எம்எல்லை அழிச்சுடுங்க.

எல்லா மெஷினும் முடிஞ்சதும் எஸ்எஸ்ஹெச்ல ஒவ்வொண்ணா போய் ஹோஸ்ட்நேம், எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல் காட்டுற கட்டளை), டிஎஃப் மூணையும் ஓட்டி, பேர் தனித்தனியா இருக்கா, சரியான டிஸ்க்ல ஏறியிருக்கா, ரூட் சைஸ் நினைச்ச அளவு இருக்கான்னு பாத்துடுங்க. அப்புறம் உங்க லேப்டாப்ல ஓடுற ஹெச்டிடிபி சர்வரையும் டிஎன்எஸ்மாஸ்க்கையும் நிறுத்திட்டு, சிஐடேட்டா பென்டிரைவ் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "டிஸ்க்கை அழிக்கும்"னு எழுதி பூட்டின டிராயர்ல வைங்க.